ஏற்றத்தில் பாடுகிறவள்

நிபால்டோவின் லாரியில் பாட்டுகளுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. தால்தால் துறைமுகத்தில் கிளம்பிக் கடலோரமாகப் போகும்வரை கும்பியா ஆட்டப்பாட்டுகள். மலை ஏறும்போது ஊதுகொம்புகள் முழங்கும் மெக்சிகோ பாட்டுகள். அதைக் கேட்டால் எஞ்சினுக்கே ரோஷம் வரும் என்பான். மேலே போனபிறகு, வளைவே இல்லாமல் நீளும் பாலைவனச் சாலையில், யாராவது ஒருவர் நகைச்சுவையாகப் பேசும் கேசட். மெதுவான பாட்டை மட்டும் அந்தச் சாலையில் போடவே மாட்டான்.

"நேர் ரோட்டுல மெதுவாப் பாடுறவ ஆளக் கொன்னுடுவா, கிழவி."

எனக்கு இருபத்து மூன்று வயதாக இருக்கும்போதே அவன் என்னைக் கிழவி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். எங்கள் பக்கத்தில் ஆசையாகக் கூப்பிடுவது அப்படித்தான். வெளியாருக்கு என் பெயர் எடெல்மீரா. அந்தப் பெயரை நீலப் பலகையில் வெள்ளை வண்ணத்தால் அவனே எழுதி, லாரியின் முகப்புக் கண்ணாடிக்கு மேலே பொருத்தியிருந்தான். அளக்காமல் எழுதியதால் கடைசி எழுத்துக்கு இடம் போதவில்லை. அது மட்டும் ஒடுங்கி, பக்கத்தில் இருப்பவர் தோளில் தூங்குகிறவரைப் போலச் சாய்ந்திருக்கும்.

"நூலகத்துல வேலை பாக்குறவ பேரையே தப்பா எழுதிட்டியே," என்று கேலி செய்வேன்.

"தப்பா இல்ல. அசதியா எழுதிருக்கேன்."

வாரம் ஒருமுறை, வியாழக்கிழமை, சுரங்கத்துக்குச் சுண்ணாம்பு ஏற்றிக்கொண்டு போவான். போக ஒன்பது மணி நேரம். தனியாக. அந்தப் பாதையில் செல்பேசிக்கு உயிர் வருகிற இடம் ஒன்றே ஒன்று: சுனில்டாவின் ஏற்றம் என்கிற மலைமேடு. மூன்று மணிக்கு அங்கே நிறுத்தி என்னோடு பேசுவான்.

ஏற்றத்தின் உச்சியில் அவளுடைய அனிமீத்தா இருக்கிறது. சாலையில் அகாலமாகச் செத்தவர்களுக்காக எங்கள் ஊர்க்காரர்கள் கட்டும் பொம்மை வீடு அளவு கோயில். தகரக் கூரை, பிளாஸ்டிக் பூக்கள், தண்ணீர் பாட்டில்கள். சுற்றிலும் நேர்த்திக்கடன் செலுத்தியவர்கள் ஆணியடித்த பலகைகள். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: "நன்றி, சுனில்டா. கேட்டதைத் தந்தாய்." கடந்து போகும் லாரிக்காரன் மூன்று முறை ஹார்ன் அடித்துவிட்டுப் போவான். அதற்கு மேல் யாரும் அவளைப் பற்றிப் பேசுவதில்லை.

அந்த ஆண்டு ஈஸ்டர் கழிந்த ஞாயிறு, ஒனோஃப்ரே எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். அவனும் லாரி ஓட்டுகிறவன். எங்கள் மகள் யாஸ்னாவுக்கு ஞானத்தகப்பன். அதனால் அவனும் நிபால்டோவும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றும், என்னை அவன் கொமாத்ரே என்றும் கூப்பிடுவது வழக்கம். ரத்த உறவைவிட ஒரு படி மேலான உறவு அது. மேசையில் ரொட்டியும் அவகாடோவும் இருந்தன. அவன் எதையும் சரியாகச் சாப்பிடவில்லை. கிளம்பும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தான். மேலட்டை இல்லை, பெயர் இல்லை.

"கொம்பாத்ரே, தனியா ஓட்டுறவனுக்கு இதவிட நல்ல துணை கிடையாது. வச்சுக்க."

"யாரு பாட்டு?"

"ஒரு பொம்பள. கிட்டார் மட்டும். மனசாரக் குடுக்குறேன். மனசார வாங்கிக்கிறேன்னு சொல்லு."

நிபால்டோ சிரித்தான். "என்னய்யா, பொண்ணு குடுக்குற மாதிரி பேசுற?"

"சொல்லேன்."

"சரி. மனசார வாங்கிக்கிறேன். போதுமா?"

ஒனோஃப்ரே அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். குடித்திருக்கிறான் என்று நினைத்தோம். பிறகு பாத்திரம் கழுவும்போதுதான் கவனித்தேன். அவனுடைய கோப்பையில் ஊற்றிய திராட்சை மது அப்படியே இருந்தது.

அடுத்த வியாழன் மூன்று மணி. நூலகத்தில் பிள்ளைகள் திருப்பிக் கொடுத்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். நிபால்டோவின் குரலுக்குப் பின்னால் ஒரு பெண் மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தாள்.

"மெதுவான பாட்டு போடமாட்டேன்னு சொல்லுவ?"

"இது வேற மாதிரி, கிழவி. தூக்கம் வரல. யாரோ கூட இருக்குற மாதிரி இருக்கு."

ஒவ்வொரு வியாழனும் அந்தக் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தது. முதலில் தூரத்தில் வானொலி பாடுவதுபோல் இருந்தது. ஒரு மாதத்தில், அவனுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பாடுவதுபோல் கேட்டது. இரண்டு பாட்டுகளுக்கு நடுவே தொண்டையைச் செருமினாள். ஒருமுறை தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது, நெடுநேரம், மூச்சுவிடாமல்.

வீட்டுக்கு வந்தால் அவன் பேசுவது குறைந்தது. மற்ற கேசட்டுகளை எல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக் கொட்டகையில் வைத்துவிட்டான். நான் பல வருடமாக வானொலியிலிருந்து பதிந்து கொடுத்தவையும் அதில் இருந்தன.

ஆகஸ்ட் மாதத்து வியாழன் ஒன்றில் அவன் வழக்கம்போல் என்னைச் சீண்டினான்.

"ரோட்டுல ஒரு நாய் படுத்திருந்துச்சு, கிழவி. மூணு தடவ ஹார்ன் அடிச்சேன். மொறைச்சுதே தவிர நகரல. உங்கம்மா ஞாபகம் வந்துச்சு. மரியாதையா சுத்திக்கிட்டு வந்துட்டேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் அங்கே ஒரு பெண் சிரித்தாள்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாடியவளேதான் சிரித்தாள்.

"யாரு அது?"

"எது?"

"சிரிச்சவ."

"டேப்பு, கிழவி."

"டேப்பு உன் ஜோக்குக்குச் சிரிக்குமா?"

இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவனுடைய மௌனங்கள் எல்லாம் எனக்குத் தெரியும். அந்த மௌனம் புதிது.

"அவ காதுல போன வை, நிபால்டோ."

"எடெல்மீரா, வேணாம்..."

"வை!"

சிறிது நேரம் காற்றின் இரைச்சல். பிறகு யாரோ மூச்சுவிடும் சத்தம். நூலகத்தில் பிள்ளைகள் இருந்ததால் நான் கத்தவில்லை. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

"இவ்வளவு ஆசையா இருந்தா நீயே எடுத்துக்க. எனக்கு வேணாம். உனக்கே குடுத்துட்டேன்."

பாட்டு பாதி வரியில் நின்றது.

தொடர்பு அறுந்தது.

ஏற்றத்தைத் தாண்டி நான்கு கிலோமீட்டரில், வெறும் நேர்ச்சாலையில், பட்டப்பகலில், அவன் லாரி சாலையைவிட்டு இறங்கிப் பாறையில் மோதியிருந்தது. மூன்று இருபதுக்கு. டயர் தேய்த்த தடம்கூட இல்லை. இதைச் சொன்ன காவலர் என் முகத்தைப் பார்க்காமல் இன்னொன்றும் கேட்டார்.

"கூட யாரு வந்தாங்க, சென்யோரா?"

"தனியாத்தான் போவார்."

"பக்கத்து சீட்டு பெல்ட்டும் மாட்டியிருந்துச்சு. அந்த சீட்டுல ஆள் இல்ல. தேடிக்கிட்டிருக்கோம்."

மூன்று நாள் தேடினார்கள். யாரும் கிடைக்கவில்லை. ஆனால் செய்தி ஊருக்குள் வந்துவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் என்னைக் கட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் ஒரு விநாடி கூடுதலாகவே கட்டிக்கொண்டார்கள். அது துக்கம் கேட்பதல்ல, பரிதாபப்படுவது. எனக்கு வித்தியாசம் தெரியும். கணவன் இறந்தால் அழலாம். கணவன் ஏமாற்றினால் திட்டலாம். இரண்டும் ஒரே நாளில் நடந்தால் ஒரு பெண் என்ன செய்வாள்? நான் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. யார் அவள் என்று தெரிந்தாக வேண்டும் என்பது மட்டும் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

காவல் நிலையத்தில் அவனுடைய பொருள்களைப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். வெந்நீர்க் குடுவை, ஜெபமாலை, ஒரு காலணி. அந்தக் கேசட். லாரியில் உடையாமல் மிஞ்சியது அது ஒன்றுதான். என் பெயர் எழுதிய பலகை கிடைக்கவே இல்லை.

கேசட்டை எடுத்துக்கொண்டு ஒனோஃப்ரேயின் வீட்டுக்குப் போனேன். கையில் இருப்பதைப் பார்த்ததும் அவன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான்.

"அத உள்ள கொண்டு வராதீங்க, கொமாத்ரே."

"யாரு இவ?"

"வெளிய வச்சுட்டு வாங்க. கும்பிட்டுக் கேக்குறேன்."

நான் அதை மேசைமேல் வைத்தேன். அவன் அழ ஆரம்பித்தான். அந்த ஞாயிறன்று எங்கள் வீட்டில் அழுத அதே அழுகை.

கேசட்டில் பாடியவள் அந்த ஏற்றத்துச் சுனில்டா; சாலையோர உணவுக்கடைகளில் பாடிப் பிழைத்தவள். கடைக்குக் கடை லாரிகளில் தொற்றிப் போவாள். அவளோடு பழகிய லாரிக்காரன் ஒருவன் ஏதோ சண்டையில், நடுப்பகலில், அந்த ஏற்றத்தில் அவளை இறக்கிவிட்டுப் போனான். திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். அவள் இரண்டு நாள் அங்கேயே காத்திருந்து தண்ணீரில்லாமல் செத்தாள். இது எல்லா லாரிக்காரர்களுக்கும் தெரிந்த கதை. தெரியாத கதையை ஒனோஃப்ரே சொன்னான்.

"போன வருசம் எறக்கத்துல எனக்கு பிரேக்கு பிடிக்கல. கத்துனேன். 'சுனில்டா, என்னக் காப்பாத்து, உன்னத் தனியா விடமாட்டேன், ஒவ்வொரு தடவையும் உன் பாட்டக் கேட்டுக்கிட்டே கூட்டிட்டுப் போறேன்'னு நேந்துக்கிட்டேன். வண்டி தானா நின்னுச்சு. அவ கோயிலுக்குள்ள ஒரு தகர டப்பாவுல இந்தக் கேசட்டு இருந்துச்சு. எடுத்துக்கிட்டேன்."

"அனிமீத்தாவுலேர்ந்து எடுத்தியா?"

எங்கள் ஊரில் பிச்சைக்காரன்கூட அதைச் செய்யமாட்டான்.

"ஆறு மாசம் பாட்டு மட்டும்தான், கொமாத்ரே. அப்பறம் உக்காந்துக்கிட்டா. நான் பாக்கல. சீட்டு அமுங்கியிருக்கும். கேசட்ட வெளிய எறிஞ்சேன், மறுநாள் டெக்குல இருந்துச்சு. நேத்திய மாத்திவிடணும்னா ஒருத்தன் மனசார வாங்கணும்னு ஒரு கிழவன் சொன்னான்."

"அதான் எங்க வீட்டுக்கு வந்தியா? எங்க மேசையில உக்காந்து?"

"எனக்கு வேற யாரு இருக்கா? மனசார வாங்குறவன் அவன் ஒருத்தன்தான்."

அவனை நான் அடிக்கவில்லை. என்னை அங்கே கூட்டிப் போகச் சொன்னேன். அடுத்த வியாழன் அவனுடைய பிக்கப் வண்டியில் ஏற்றத்துக்குப் போனோம். நூலகத்து டேப் ரெக்கார்டரையும் புது பேட்டரிகளையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். வழி முழுவதும் அவன் ஒரு பாட்டும் போடவில்லை. கேசட் போடும் கருவியை எப்போதோ பிடுங்கி எறிந்திருந்தான். அந்த இடத்தில் ஒரு ஓட்டை, உள்ளே அறுந்த கம்பிகள்.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. பேய் இருட்டில்தான் வரும் என்பார்கள். அங்கே நிழலுக்கே இடமில்லை. வெள்ளை வெயில், வெள்ளை மண். ஒரு ஈயின் சத்தம்கூட இல்லை. உப்பும் சூடான தகரமும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது.

ஒனோஃப்ரே எஞ்சினை அணைக்காமல் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். நான் கோயிலுக்கு முன்னால் மண்டியிட்டு, கேசட்டைப் போட்டு, பொத்தானை அழுத்தினேன்.

கிட்டார். பிறகு அவள்.

நல்ல குரல். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. காத்திருப்பவர்களின் குரல்.

இரண்டாவது வரியில் இன்னொரு குரல் சேர்ந்தது.

ஆண் குரல். கீழ் சுருதியில், சுத்தமாக, அவள் மூச்சு விடும் இடத்தில் மூச்சு விட்டு.

நிபால்டோ பாடத் தெரியாதவன். எங்கள் திருமணத்தில்கூட உதட்டை மட்டும் அசைத்தான். யாஸ்னா பிறந்தபோது தாலாட்டச் சொன்னேன், விசிலடித்தான். அந்தக் குரலை நான் பாடிக் கேட்டதே இல்லை. ஆனாலும் அது அவன்தான்.

"நிபால்டோ."

பாட்டு நிற்கவில்லை.

"நான் கோவத்துல சொன்னது. சுனில்டா, அது நேத்தி இல்ல. பொண்டாட்டி கோவம். திருப்பிக் குடுத்துடு."

பாட்டு நின்றது. நாடா மட்டும் சுற்றும் சத்தம். அப்புறம், என் காதுக்குப் பக்கத்தில் அல்ல, எனக்குப் பின்னால் நின்ற பிக்கப் வண்டிக்குள்ளிருந்து, தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

ஒனோஃப்ரே அலறினான்.

திரும்பிப் பார்த்தேன். வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு கிளம்பியது. "திரும்பி வரேன், கொமாத்ரே, திரும்பி வரேன்!" என்று அவன் கத்துவது கேட்டது. சாலையில் ஒரு புள்ளியாகும்வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என் தண்ணீர், என் கைப்பை, என் செல்பேசி எல்லாம் அந்த வண்டியில்.

அவன் திரும்பி வரவில்லை.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. அவளுக்கு வைத்திருந்த பாட்டில்களில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவளுடையதைத் தொட எனக்குத் துணிவில்லை. அந்த நேரத்தில் அவள்மேல் எனக்குக் கோபமும் இல்லை. திரும்பி வருகிறேன் என்று சொல்லி இங்கே விட்டுவிட்டுப் போனால் எப்படி இருக்கும் என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஒரு முழம் நிழலாவது கிடைக்குமா என்று கோயிலின் பின்பக்கம் போனேன்.

அங்கும் பலகைகள். வெயிலில் வெளுத்தவை, உரிந்தவை. "நன்றி, சுனில்டா." "நன்றி, சுனில்டா."

நடுவில் ஒன்று நீலமாக இருந்தது.

கடைசி எழுத்து ஒடுங்கிச் சாய்ந்திருந்தது.

என் பெயர். அவன் கையெழுத்து. அதற்கு மேலும் கீழும் மட்டும் வேறொரு கை, சின்ன எழுத்தில், வெள்ளையில் எழுதியிருந்தது.

"நன்றி, எடெல்மீரா. கேட்டதைத் தந்தாய்."

பலகையின் நான்கு மூலைத் துளைகளும் சிதையவில்லை. மோதலில் பிய்ந்து விழுந்தது அல்ல. மோதுவதற்கு முன்பே யாரோ நிதானமாகத் திருகாணிகளைக் கழற்றியிருக்கிறார்கள். அந்த லாரியின் திருப்புளி அவன் இருக்கைக்கு அடியில் இருக்கும். அது இருக்கும் இடம் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

பக்கத்து இருக்கை பெல்ட்டை மாட்டிவிட்டதும் அவன்தான். யாஸ்னாவுக்கும் எனக்கும் அப்படித்தான் மாட்டிவிடுவான், நாங்கள் சீட்டில் உட்கார்ந்ததும், தோளைத் தாண்டிக் கையை நீட்டி.

மாலையில் உப்பு ஏற்றி வந்த ஒரு கிழவர் என்னைப் பார்த்து லாரியை நிறுத்தினார். ஏறி உட்கார்ந்ததும் தண்ணீர் கொடுத்தார். கொஞ்ச தூரம் போனபின், "பாட்டு போடட்டுமாம்மா?" என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மூன்று முறை ஹார்ன் அடித்தார்.

பதினொரு வருடம் ஆகிறது. ஒனோஃப்ரே இன்னும் லாரி ஓட்டுகிறான், வேறு பாதையில். தெருவில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவான். என் கைப்பையையும் செல்பேசியையும் யார் மூலமோ கொடுத்தனுப்பினான். அந்தச் செல்பேசியை அணைத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை மூன்று மணிக்கு அது அடிக்கும்.

எடுத்துக் காதில் வைப்பேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன். அங்கே பேசினால் அது நேர்த்திக்கடனாகிவிடும் என்று எனக்குத் தெரியும். ஒனோஃப்ரேயின் பெயரை ஒருமுறை சொன்னால் போதும், அவனையும் அவள் எடுத்துக்கொள்வாள் என்பதும் தெரியும். பல வியாழக்கிழமைகளில் அது நாக்கு நுனிவரை வந்திருக்கிறது. வாயைப் பொத்திக்கொண்டு கேட்பேன். கிட்டார், காற்று, இரண்டு குரல்கள். சில சமயம் அந்த நாய் கதையைச் சொல்கிறான். அவள் சிரிக்கிறாள். இப்போது அதில் என் அம்மா இல்லை. வேறு யாரையோ சொல்லிச் சிரிக்க வைக்கிறான்.

இந்தப் பதினொரு வருடத்தில் என்னைக் கிழவி என்றுகூட அவன் கூப்பிட்டதில்லை. பெயரைச் சொல்லியும் கூப்பிட முடியாது. அதைத்தான் கழற்றிக் கொடுத்துவிட்டானே.

ஈரமான துணி கால்மணி நேரத்தில் காய்ந்து விறைக்கும் பாலைவனம் அது. அன்று பலகையில் அந்த வேறு கை எழுதிய எழுத்துகளின்மேல் விரலை வைத்தேன். வண்ணம் ஈரமாக இருந்தது. விரல் நுனியில் ஒட்டிய வெள்ளையைச் சோப்பு போட்டுக் கழுவினேன், மண்ணெண்ணெயில் துடைத்தேன், போகவில்லை.

இதை எழுதிக்கொண்டே இந்தப் பக்கத்தைத் திருப்பும்போதும் மூலையில் ஒட்டிவிட்டது. இன்னும் காயவில்லை.